குழாய் விடாமலே தெரிந்துகொள்ள முடியுமா?

கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் மஞ்சள் காமாலையை நினைத்துத்தான் பயப்படுவார்கள். ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடுவது ரத்த வாந்தி. இன்றைய சிகிச்சையிலும், இப்படி ரத்தக்கசிவு வந்தவர்களில் 100க்கு 15 முதல் 20 பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துபோகிறார்கள்.

ஏன் வருகிறது? குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் கல்லீரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். தழும்பேறிக் கெட்டியான கல்லீரல் வழி விடுவதில்லை. ஏரி மதகை அடைத்தால் தண்ணீர் கண்ட இடத்தில் உடைத்துக்கொண்டு பாயுமே, அது மாதிரி ரத்தம் உணவுக்குழாயின் அடிப்பக்கத்து மெல்லிய நாளங்களுக்குள் திரும்புகிறது. அவை புடைத்து, ஒருநாள் வெடிக்கின்றன.

புடைத்திருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோப்பிதான் நேரான வழி. "வாய் வழியா குழாய் விடுவாங்களாமே, வேணாம் சாமி" என்று தள்ளிப்போடுபவர்கள் ஏராளம். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஷூ கம்பெனியில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம். எல்லோருக்கும் குழாய் விட்டுத்தான் ஆக வேண்டுமா? இல்லை.

2015இல் இத்தாலியின் பவேனோவில் கூடிய நிபுணர்கள் ஒரு கணக்கு சொன்னார்கள். கல்லீரலின் விறைப்பு 20 கிலோ பாஸ்கலுக்குக் கீழே, ரத்தத்தில் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலே: இரண்டும் சேர்ந்து இருந்தால் ஆபத்தான புடைப்பு இருக்க வாய்ப்பு 100க்கு ஐந்துக்கும் குறைவு. அவருக்கு இப்போதைக்கு எண்டோஸ்கோப்பி வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த இரண்டையும் மறுபடி பார்த்தால் போதும். பிளேட்லெட் எதற்கு என்கிறீர்களா? அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை இறங்கும்.

விறைப்பை அளப்பது ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி. மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்தால், விலா எலும்புகளுக்கு நடுவே லேசாகத் தட்டுவார்கள். வலியில்லை, பத்து நிமிஷ வேலை. அதற்கு முன் மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது. பிரியாணி சாப்பிட்ட கையோடு போனால் அளவு கூடுதலாகக் காட்டும்! காமாலை உச்சத்தில் இருந்தாலும் அப்படித்தான். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இந்தக் கருவி சரிப்படாது. அவர்கள் நேராக எண்டோஸ்கோப்பிக்குப் போவதே நல்லது.

நம் பக்கத்து ஆட்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கல்லீரல் சுருங்காமலே, அதன் உள்ளே போகும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் மட்டும் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறுகிற நோய் இந்தியாவில் அதிகம். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். காரணம் புரியாத கல்லீரல் நோய் என்று வந்தவர்களில், திசு எடுத்துச் சோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது இந்த நோய்தான், சிரோசிஸ் அல்ல. இவர்களுக்குக் கல்லீரல் மெத்தென்று இருப்பதால் கருவி குறைந்த எண்ணைக் காட்டும். உள்ளே நாளங்களோ பெரிதாகப் புடைத்திருக்கும். ஆகவே 20, ஒன்றரை லட்சம் என்ற கணக்கு சிரோசிஸ் என்று உறுதியானவர்களுக்கு மட்டும்தான். மண்ணீரல் பெரிதாக வீங்கி, விறைப்பு எண் மட்டும் குறைவாக வந்தால், "அப்பாடா" என்று ரிப்போர்ட்டை மடித்து வைக்காதீர்கள்; கல்லீரல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எண் 25 அல்லது அதற்கு மேல் போனால், பெரும்பாலான சிரோசிஸ்காரர்களுக்கு அழுத்தம் அபாய அளவுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். கார்வெடிலால் போன்ற மாத்திரையை அப்போதே தொடங்கலாம் என்பது 2021இல் வந்த சிபாரிசு. ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் ரத்த அழுத்தம் ரொம்பக் குறைவானவர்களுக்கும் இது ஆகாது. அவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்து, பெரிய புடைப்பாக இருந்தால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள்.

மூட்டு வலி என்று கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அதுவும் உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம்தான். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த வாந்தி வந்தால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்து, ராத்திரியிலும் எண்டோஸ்கோப்பி செய்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அது எது என்று இன்றைக்கே விசாரித்து, காலண்டரில் எழுதி வையுங்கள்.