எண் 534

நுழையும்முன்

கப்பல் கரையில் உருவாகி நீரில் வாழ்வது. அது கரையை விட்டு நீரில் இறங்கும் நாள், அதனைக் கட்டிய ஊருக்கே திருநாளாகும். அத்தகைய ஒரு நாளுக்காக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காத்திருந்த ஓர் ஊரின் வரலாறு இப்பாடம்.

கிளைடு ஆற்றங்கரை

ஸ்காட்லாந்தில் கிளைடு என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் அமைந்த தொழில் நகரம் கிளைடுபேங்க். அங்கிருந்த ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அத்தளத்தில் குனார்டு நிறுவனத்திற்காக ஒரு சொகுசுக் கப்பலைக் கட்டும் பணி தொடங்கியது. அதன் நீளம் சுமார் 310 மீட்டர். நீரில் இறங்கும்வரை கப்பலின் பெயர் வெளியிடப்படவில்லை. எனவே, தளத்தின் பதிவேட்டில் இருந்த 534 என்னும் எண்ணாலேயே அனைவரும் அதனைக் குறிப்பிட்டனர்.

பணி நின்றது

அக்காலத்தில் உலகெங்கும் பெரும் பொருளாதார வீழ்ச்சி பரவியிருந்தது. கப்பலைக் கட்டி முடிக்கத் தேவையான கடன் குனார்டு நிறுவனத்திற்குக் கிடைக்கவில்லை. 1931 டிசம்பர் 11ஆம் நாள் பணி நிறுத்தப்பட்டது. கிறிஸ்துமஸ் திருநாளுக்கு இரு வாரங்களே இருந்த வேளையில், தளத்தில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். கப்பலுக்கு வேண்டிய பொருள்களைச் செய்துகொடுத்த பிற ஊர்த் தொழிலாளரும் துன்புற்றனர். பாதி கட்டப்பட்ட கப்பல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றது. வீதியில் நடப்போர் கண்ணில் நாள்தோறும் பட்ட அவ்விரும்புக்கூடு, இழந்த வேலையை அவர்களுக்கு நினைவூட்டியவாறே துருவேறியது.

அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் கிர்க்வுட், முன்னர் பொறியியல் தொழிலாளராக இருந்தவர். பணியை மீண்டும் தொடங்க வேண்டுமென அவர் நாடாளுமன்றத்தில் இடைவிடாது வலியுறுத்தினார். இறுதியில் அரசு கடன் வழங்க இசைந்தது. ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தது. குனார்டு நிறுவனம், டைட்டானிக் கப்பலுக்கு உரிமை பெற்றிருந்த ஒயிட் ஸ்டார் நிறுவனத்துடன் இணைய வேண்டும் என்பதே அது. இரு நிறுவனங்களும் இணைந்தன. 1934 ஏப்ரல் மாதத்தில் பைக்குழல் இசை முழங்கத் தொழிலாளர் தளத்திற்குத் திரும்பினர். அவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்த பணி, கப்பலில் படிந்திருந்த துருவை அகற்றுவதாகும்.

நீரில் இறங்கிய நாள்

பெருங்கப்பலை நீரில் இறக்குவது எளிதன்று. கிளைடு ஆற்றின் அகலம் அக்கப்பலின் நீளத்தைவிடக் குறைவு. நேராக இறக்கினால் கப்பல் எதிர்க்கரையில் மோதிவிடும். ஆதலால், எதிர்ப்புறத்தில் கார்ட் என்னும் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தை நோக்கிச் சாய்தளம் அமைக்கப்பட்டிருந்தது. ஆற்றின் படுகையும் ஆழமாக்கப்பட்டது. கப்பல் எளிதாகச் சறுக்குவதற்குச் சாய்தளத்தில் கொழுப்பும் சோப்பும் பூசப்பட்டன. நீரில் இறங்கியதும் அதன் வேகத்தைத் தடுக்க, கனமான இரும்புச் சங்கிலிக் குவியல்கள் இருபுறமும் பிணைக்கப்பட்டன. கப்பல் நகரும்போது அவை தரையில் இழுபட்டு, வேகத்தைக் குறைக்கும்.

1934 செப்டம்பர் 26ஆம் நாள் மழை கொட்டியது. எனினும் இலட்சக்கணக்கான மக்கள் ஆற்றின் இரு கரைகளிலும் குடைபிடித்து நின்றனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் வந்திருந்தனர். அரசி தம் பெயரையே கப்பலுக்குச் சூட்டினார். ‘குவீன் மேரி’ எனப் பெயர் பெற்ற கப்பல், பின்புறம் முதலில் செல்ல, மெல்ல நகர்ந்தது. பின்னர் விரைந்தது. சங்கிலிகள் பேரொலியுடன் இழுபட்டன. எதிர்க்கரையைத் தொடாமல் கப்பல் நீரில் மிதந்து நின்றது.

அன்று மிதந்தது வெறும் கூடே. இயந்திரங்களும் மூன்று புகைபோக்கிகளும் அறைகளும் அமைக்க மேலும் ஒன்றரை ஆண்டுகள் ஆயின. 1936இல் வெள்ளோட்டம் முடிந்து, மே 27ஆம் நாள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்கிற்கு அது தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது சாம்பல் நிறம் பூசப்பட்டுப் படைவீரர்களை ஏற்றிச் சென்றது. 1967இல் ஓய்வு பெற்ற அக்கப்பல், இன்று அமெரிக்காவின் லாங் பீச் நகரில் நிற்கிறது.

சொகுசுக் கப்பலைக் காண்போர் அதன் விருந்துக்கூடங்களை வியப்பர். கிளைடுபேங்க் மக்களோ, அடுப்பெரிய வேலை தந்த கப்பலாகவே 534ஐக் கண்டனர்.

சொல்லும் பொருளும்

சாய்தளம் – கப்பலைக் கட்டி நீரில் இறக்குவதற்கான சரிவான தளம்
படுகை – ஆற்றின் அடிநிலம்
வெள்ளோட்டம் – புதிய கலம், தேர் முதலியவற்றை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தல்
இசைதல் – உடன்படுதல்

இலக்கணம் அறிவோம்

கப்பல் நீரில் இறங்கியது – தன்வினை
தொழிலாளர் கப்பலை நீரில் இறக்கினர் – பிறவினை

எழுவாய் தானே ஒரு செயலைச் செய்வது தன்வினை. பிறரையோ பிறவற்றையோ செய்ய வைப்பது பிறவினை.

பயிற்சி

அ. பிறவினையாக மாற்றுக.
1. தொழிலாளர் திரும்பினர்.
2. கப்பல் நின்றது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. கப்பல் ஏன் எண்ணால் அழைக்கப்பட்டது?
2. கடன் வழங்க அரசு விதித்த நிபந்தனை யாது?
3. இரும்புச் சங்கிலிகள் எதற்குப் பயன்பட்டன?

இ. சிந்தித்து எழுதுக.
பணி நின்றிருந்த நாள்களில் கிளைடுபேங்க் தொழிலாளர் ஒருவரின் வீடு எவ்வாறு இருந்திருக்கும்? வேலைக்காக ஊர்விட்டு வந்த உங்கள் குடும்பப் பெரியவர் ஒருவரிடம் உரையாடி, பத்து வரிகளில் எழுதுக.