மளிகை நோட்டில் ஒரு பாடம்

என் மகள் பொருளாதாரப் புள்ளியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று முணுமுணுத்தவன் நான்.

ஒருநாள் எங்கள் திலக் நகர் வீட்டு வரவு செலவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். செலவில் உணவு 50, வாடகை 30, பள்ளிக் கட்டணம் 20 சதவீதம். இந்தப் பங்குதான் 'எடை'. ஓராண்டில் உணவு 10, கட்டணம் 20 சதவீதம் ஏறியது, வாடகை ஏறவில்லை. எடையால் பெருக்கினால் 5+0+4. ஆக, விலையேற்றம் 9 சதவீதம்.

2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அரசுக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை நகர்ப்புறத்தில் 36.29, கிராமப்புறத்தில் 54.18. நகரத்தில் வாழும் எங்கள் செலவு கிராமக் கணக்கையே ஒட்டியிருந்தது! அரிசி, பருப்பு விலை ஏறினால் எங்களுக்கு ஏன் அதிகம் வலிக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

பெற்றோர்களே, பத்தாவது முடிந்ததும் பிள்ளைகள் கணிதத்தைக் கைவிட விடாதீர்கள். இப்படிப்புக்கு அதுவே அஸ்திவாரம்.