உவந்து வாசித்தலும் மொழிப்பயிற்சியும்

மாணவர் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுக்குங்கால் அவர் உள்ளத்தில் எழும் எண்ணம் பெரும்பாலும் இரண்டனுள் ஒன்றாயிருக்கும். 'இதை முடித்தாக வேண்டுமே' என்பது ஒன்று; 'இனி என்ன நேருமோ' என்பது மற்றொன்று. முன்னையது பரீட்சையோடு முடிந்துவிடும். பின்னையது வாழ்நாள் முழுதும் துணைவரும். ஒரு மொழியை நமக்கு உரியதாக்குவது பின்னைய வாசிப்பே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. 1842ஆம் ஆண்டில் நம் சாயர்புரத்திற்கு வந்து, ஈண்டுக் கல்விச்சாலை நிறுவிய ஜி. யு. போப்பையரையே நோக்குவோம். 1820ஆம் ஆண்டில் பிறந்து, 1839ஆம் ஆண்டில் தமிழகம் போந்த அவருக்குத் தமிழ் தாய்மொழியன்று. மாணாக்கருக்கென இலக்கண நூல்கள் இயற்றிய அவர், கண்டிப்பு மிக்க ஆசிரியர் என்றும் பெயர் பெற்றவர். ஆயினும் அவர்தம் தமிழ் கண்டிப்பினால் வளர்ந்ததன்று. இந்நாட்டை விட்டு நீங்கி ஆக்ஸ்போர்டில் தமிழ் போதித்த முதுமைக் காலத்தில், திருக்குறளை 1886லும், நாலடியாரை 1893லும், திருவாசகத்தை 1900லும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். இறுதி நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 80. அவ்வயதினரை எப்பரீட்சை அச்சுறுத்தும்? எப்பிரம்பு வாசிக்கச் செய்யும்? விருப்பம் ஒன்றே அவரை அந்நூல்களிடம் மீண்டும் மீண்டும் அழைத்தது.

அவருக்கு முன்னே, 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். எழுத்தறிந்த அளவில் அவர் அமைந்தாரல்லர். ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து வாசித்து, 1708ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணையும் வகுத்தார். எழுத்தறிவு வாயில், வாசிப்போ வீட்டினுள் வாழ்தல்.

இனி, விரும்பி வாசித்தல் மொழியை வளர்க்கும் காரணங்களை ஆராய்வோம்.

முதலாவது, தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுவேறானவை. வீட்டிலும் கடைத்தெருவிலும் நாம் கேட்பது பேச்சுத் தமிழே. எழுத்துத் தமிழைத் தாயின் மடியில் இருந்து எவரும் கற்பதில்லை. அதனை நாம் சந்திக்கும் இடம் பெரும்பாலும் நூலே. ஆதலின் வாசியாதவர் தம் மொழியின் ஒரு பாதிக்கு அயலாராய் நிற்கின்றனர்.

இரண்டாவது, ஒரு சொல்லை அகராதியில் ஒருமுறை கண்டால் மறந்துபோகும். அச்சொல்லையே கதையில் ஒரு தாயின் வாயிலும், வழக்கு மன்றத்திலும், பிரயாணி ஒருவரின் குறிப்பிலும் காண்போமாயின், அதன் பொருளோடு அது பழகும் இடமும் விளங்கும். வல்லினம் மிகும் இடம், லகர ளகர ழகர வேறுபாடு முதலியனவும் அவ்வாறே கண்ணுக்குப் பழகிவிடும். இலக்கணம் வேண்டாவோ எனின், வேண்டும். வாசித்துப் பழகியவர்க்கு விதி விளக்கமாகும். வாசியாதவர்க்கு அதுவே சுமையாகும்.

மூன்றாவது, எழுத்துக் கூட்டி வாசிப்பவர் கருத்து எழுத்திலேயே செலவழிகின்றது. மிகுதியாய் வாசிக்க வாசிக்கக் கண் சொற்றொடரை ஒருங்கே பற்றும். மனம் பொருளின்பால் செல்லும். மிகுதியாய் வாசிக்கச் செய்வது யாது? இன்பமே. முத்துக்குளிப்போர் கரையில் நின்று மூச்சடக்கக் கற்றாரல்லர். கடலில் பன்முறை மூழ்கியே கற்றனர்.

2000ஆம் ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் 15 வயது மாணாக்கரின் வாசிப்புத் திறன் சோதிக்கப்பட்டது. அதிற் கண்ட செய்தி ஒன்று நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. எளிய தொழில் புரியும் பெற்றோரின் பிள்ளைகளாயினும், வாசிப்பில் மிக்க ஈடுபாடு உடையோர், உயர்ந்த உத்தியோகத்தாரின் பிள்ளைகளாய் வாசிப்பில் ஈடுபாடற்று இருந்தோரைக் காட்டிலும் சராசரியில் மேம்பட்டு நின்றனர். நன்கு வாசிக்க வல்லவரே விரும்பி வாசிப்பர் அன்றோ என்று வினவலாம். அதுவும் உண்மையே, திறன் விருப்பை வளர்க்கும், விருப்பு திறனை வளர்க்கும். பனையையும் உப்பளத்தையும் கடலையும் நம்பிய குடும்பங்களினின்று முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தோர் நம்முள் பலர் உளர். முன்னோர் தேடிவைத்த நூலறை அவர்க்கு இல்லை. அக்குறையை ஈடுசெய்யவல்ல செல்வங்களுள் இவ்வாசிப்பு ஒன்று.

இன்பத்திற்காக வாசிப்போர் இழிந்த நூல்களில் வீழ்வரே என்று அஞ்சுவோர் உளர். எளிய நூலோடு தொடங்குதல் இழுக்கன்று. அங்கேயே நின்றுவிடுதலே இழுக்கு. பல நூல் சுவைத்த நா தானே தரம் அறியும்.

மாணவ நண்பர்களுக்குச் சில யோசனை கூறுவேன். நாள்தோறும் கால்மணி நேரம் பாடத்திற்குப் புறம்பான நூல் ஒன்றை வாசியுங்கள். பொருள் தொடர்ந்து விளங்குமாயின் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டாதீர்கள். பிடியாத நூலை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க அஞ்சாதீர்கள். விடுமுறையில் வீடு செல்லுங்கால், எழுத்தறியாத பாட்டி இருப்பாராயின் அவர் அருகே அமர்ந்து ஒரு கதையை உரக்க வாசியுங்கள். ஆசிரியர்களும் வாசித்தவை அனைத்தின்மேலும் வினாத் தொடுக்காமல், வகுப்பில் சிறிது நேரத்தை வாசிப்புக்கென்றே விடுவார்களாக.

போப்பையரின் பெயர் தாங்கி 1962ஆம் ஆண்டில் நம் ஊரில் கல்லூரி எழுந்தது. அப்பெயருக்கு நாம் செய்யும் மரியாதை யாது? பட்டம் பெற்ற மறுநாளும் ஒரு தமிழ் நூலைத் தானே விரும்பித் திறப்பதேயாம்.