மேகம் இறங்கும் ஊரில் துப்பாக்கியைத் துருவிலிருந்து காப்பது

கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் சாலையை ஒட்டிய தோட்டங்களில் காப்பி, மிளகு, ஆரஞ்சு, வாழை இருக்கும். சில வீடுகளில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய பன்னிரண்டு போர் துப்பாக்கியும் இருக்கும். வருடத்தில் பெரும்பாலான நாள் அது பெட்டிக்குள்தான் கிடக்கும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போகும். 2024 மக்களவைத் தேர்தலை மார்ச் 16 அன்று அறிவித்தார்கள். நடத்தை விதிகள் ஜூன் 6 அன்றுதான் விலகின. ஒப்படைத்த துப்பாக்கிக்கு அது கிட்டத்தட்ட மூன்று மாதச் சிறை. உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோய் வாரிசு பெயருக்கு மாற்றும் வேலை நடந்தால் காலம் இன்னும் நீளும்.

வெளியே எடுக்கும்போது குழலில் தவிட்டு நிறத்தில் துரு படர்ந்திருக்கும். “எண்ணெய் போட்டுத்தானே அண்ணே வெச்சேன்” என்பார்கள். போட்டிருப்பார்கள், பொய் இல்லை. ஈரத்தின் மேல் போட்டிருப்பார்கள். மலையில் துப்பாக்கி கெடுவதற்கு முக்கியக் காரணம் எண்ணெய் குறைவது அல்ல, உலர்த்தாமல் மூடுவது. அதனால் உலர்த்துவதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன்.

முதலில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டுங்கள். பிறகு குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகப் பிரியுங்கள். விசைப் பகுதியின் திருகுகளில் கை வைக்காதீர்கள். அது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை.

அடுத்தது குழலின் உட்புறம். இப்போதைய புகையில்லா மருந்துத் தோட்டா சுட்டிருந்தால் பித்தளைப் பிரஷ்ஷும் துப்பாக்கிக் கரைப்பானும் போதும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுக்க வேண்டும். வாய்வழி மருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கி என்றால் கதையே வேறு. கருமருந்து எரிந்தபின் பொட்டாசியம் உப்புகள் தங்கும். அவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எண்ணெயில் கரையவே கரையா, தண்ணீரில்தான் கரையும். இரும்புக்குத் தண்ணீர் காட்டலாமா என்று தயங்கி எண்ணெய்த் துணியால் மட்டும் துடைப்பவர்கள் உப்பை உள்ளேயே பூசி வைக்கிறார்கள். நல்ல கொதிநீரும் கொஞ்சம் சோப்பும் குழலுக்குள் விட்டுக் கழுவுங்கள். நீர் எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. குழலே சூடேறி, மிச்ச ஈரத்தைத் தானே ஆவியாக்கிவிடும்.

இப்போது உலர்த்துவது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வாசல்வரை வந்து நிற்கும்போது எண்பது, தொண்ணூறு எல்லாம் சாதாரணம். அந்த நாட்களில் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மூடினால் அந்த ஈரக் காற்றையும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள். இரவில் குளிர் இறங்கியதும் அது பனித்துளியாக இரும்பின்மேல் படியும். கணப்பு எரிகிற அறைக்குள் குளிர்ந்த துப்பாக்கியைக் கொண்டுவந்தாலும் இதேதான்: மூக்குக் கண்ணாடி மங்குவது கண்ணுக்குத் தெரியும், குழலின் உட்புறம் மங்குவது தெரியாது.

ஆகவே வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, காலை மேகம் விலகிய பிறகு தொடங்கி, பிற்பகலில் அது திரும்பி இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள். வெளியிலிருந்து எடுத்து வந்திருந்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் பிரித்தபடியே விட்டுவிட்டுத் துடையுங்கள். பிறகு ஹேர் டிரையரால் குழல் கைக்கு இளஞ்சூடாகத் தெரியும்வரை காற்றடியுங்கள். முன்கட்டை உட்காரும் இடம், தோட்டா வெளித்தள்ளும் பகுதி, இரட்டைக்குழலில் இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டி ஆகிய மூன்று இடங்களில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கே அதிக நேரம் காற்றுப் போக வேண்டும். அவசரத்துக்கு அடுப்பிலோ கணப்பிலோ காட்டவே கூடாது. அந்தப் பட்டியை ஈயப் பற்றவைப்பில்தான் ஒட்டியிருப்பார்கள். நெருப்புப் பட்டால் இளகி விட்டுப்போகும்.

இளஞ்சூடு ஆறுவதற்குள் எண்ணெய் போடுங்கள். எந்த எண்ணெய் என்பதில் நான் கறாராகவே இருப்பேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், நாளடைவில் காறிப்போய் அமிலமாகும். நல்லெண்ணெய் பிசினாக இறுகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நன்றாக உதவும், ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது. மாதக்கணக்கில் காவல் காக்காது. இரண்டு மூன்று வாரம் என்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும். அதற்கு மேல் என்றால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை, விரல் வைத்தால் தடம் தெரியும் கனத்துக்கு, குழலின் உள்ளும் புறமும் தடவுங்கள். அதைவிடக் கனம் வேண்டாம். கறுப்புப் பூச்சு இருக்கிறதே என்று எந்த இடத்தையும் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் அந்தப் பூச்சு துருவைத் தடுக்காது. கடைசியாகப் பூசிய பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். வியர்வை உப்பு போதும், ஐந்து விரலும் துருவாக எழுந்து நிற்கும். மரக்கட்டைக்குக் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய், அவ்வளவுதான்.

வைக்கும் இடம். தோல் உறை, கான்வாஸ் உறை, பஞ்சு வைத்த பெட்டி எல்லாம் கொண்டுபோகத்தான், வைக்க அல்ல. மூன்றுமே ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். செய்தித்தாளும் அப்படியே. பூட்டும் அலமாரியை மண்சரிவைத் தாங்கி நிற்கும் பின்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள், இல்லையென்றால் எண்ணெய் வடிந்து கட்டையில் இறங்கி மரம் மெத்தென்று ஆகிவிடும். உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் மலிவான ஈரமானி ஒன்றும் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். ரொம்பக் கீழே போனால் கட்டை வெடிக்கும். ஜெல் நிறம் மாறியதும் சமையலுக்கு எடுக்காத சட்டியில் சிறு தீயில், பழைய நிறம் திரும்பும்வரை வறுத்துப் போடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது இது வேண்டும்.

குழல் வாயில் துணி அடைக்காதீர்கள். உள்ளே காற்று நடமாட்டம் நின்று ஈரம் தங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அடைப்பை மறந்து சுட்டால் குழல் வெடிக்கும்.

காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது அலமாரியும் ஜெல்லும் உங்கள் கையில் இல்லை. அதனால் ஜெல்லியைச் சற்றுத் தாராளமாகவே தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, தளர்வான பருத்திப் பையில் போட்டு, எண் எழுதிய சீட்டைக் கட்டிக் கொடுங்கள். உறையோடு கொடுக்க வேண்டாம். ரைட்டர் தரும் ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் உரிம எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள். ஆயுதச் சட்டம் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைக்கவும் வழி வைத்திருக்கிறது. மலைக்குக் கீழே அப்படி நம்பகமான கடை இருந்தால், பாதுகாப்புக் கட்டணம் கேட்டாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். வெயில் ஊரில் இரும்பு நிம்மதியாக இருக்கும்.

திரும்ப வாங்கிய அன்றே பிரித்துப் பாருங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். பவுடர் போல் மேலாக இருக்கும் துருவை எண்ணெயில் நனைத்த மிக நைசான இரும்புப் பஞ்சால், அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் போடவே கூடாது. துருவோடு கறுப்புப் பூச்சும் போய், அடுத்த துருவுக்கு இடம் திறந்துவிடும். குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது அம்மைத் தழும்பு போல் குழிகள் தெரிந்தால் அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. பழுதுபார்ப்பவர் பார்க்கும்வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றாதீர்கள். குழி இல்லை என்றாலும், உள்ளே தடவிய ஜெல்லி முழுவதையும் உலர்ந்த துணியால் வழித்து, இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தோட்டாவைக் கையில் எடுங்கள்.