குளச்சல் ஊர்களில் எது விடுபட்டிருக்கிறது? விக்கித்தரவில் தேடுமுன்

விக்கித்தரவில் இருப்பதைக் கேட்பது சுலபம். இல்லாததைக் கேட்கும்போதுதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். விக்கித்தரவில் தேடப் பயன்படும் ஸ்பார்க்கிள் மொழியின் 2008 பதிப்பில் இதற்கு நேர்வழி இருக்கவில்லை. 'ஆப்ஷனல்' போட்டு, பிறகு 'பவுண்ட்' ஆகாததை வடிகட்ட வேண்டியிருந்தது. 2013-இல் வந்த 1.1 பதிப்பில்தான் 'ஃபில்டர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்', 'மைனஸ்' இரண்டும் சேர்ந்தன.

செய்ய வேண்டியவை

• குளச்சல் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் என்று எல்லை போடுங்கள். உலகம் முழுக்கத் தேடினால் 60 விநாடியில் டைம்அவுட் ஆகிவிடலாம்.

• படமில்லாத ஊர்களுக்கு, படத்தைக் குறிக்கும் பி18-ஐ 'ஃபில்டர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' அடைப்புக்குள் வையுங்கள். எழுதவும் திருத்தவும் இதுவே எளிது.

• தமிழ்ப் பெயர் இல்லாததைத் தேடினால், மொழி நிபந்தனையையும் அதே அடைப்புக்குள் போடுங்கள். விட்டுவிட்டால், ஆங்கிலப் பெயர் இருக்கிற ஊரெல்லாம் கழிந்துபோகும்.

• மாவட்டத்தை வைத்து ஒருமுறை, குளச்சலைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் என்று ஒருமுறை, இரண்டு விதமாகவும் தேடுங்கள். அருகிலுள்ள கொட்டில்பாட்டுக்கோ குறும்பனைக்கோ நிர்வாகப் பிரிவைச் சொல்லும் பி131 விடுபட்டிருந்தால், மாவட்டத் தேடலில் அந்த ஊரே வராது. சுற்றுவட்டாரத் தேடலோ ஆயத்தொலைவு இல்லாத ஊரை விட்டுவிடும். அதிகம் விடுபட்ட பதிவுதான் கண்ணில் படாமல் போகிறது. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

• தெரிந்த பதிவை வைத்துச் சோதியுங்கள். படம் உள்ள ஊர் ஒன்று பட்டியலில் வந்தால் குவெரி தப்பு.

செய்யக்கூடாதவை

• பொதுவான மாறி இல்லாமல் 'மைனஸ்' போடாதீர்கள். ஒன்றுமே கழியாது, எரரும் வராது. நிறைய பேர் சூடுபட்ட இடம் இது.

• 'பவுண்ட்' வடிகட்டியை 'ஆப்ஷனல்' அடைப்புக்குள் வைக்காதீர்கள். எல்லா ஊரும் படமில்லாதது போல வந்து நிற்கும்.

• லேபிள் சர்வீஸ் காட்டும் பெயரை நம்பாதீர்கள். தமிழ் இல்லாத இடத்தில் ஆங்கிலத்தையோ பதிவின் கியூ எண்ணையோ போட்டுவிடும்.

• 'மதிப்பு இல்லை' என்று குறித்ததை விடுபட்டதாக எண்ணாதீர்கள். 'டபிள்யூடிடி' முன்னொட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். சின்ன 'பி' முன்னொட்டில் கேட்டால் பிரிந்துவிடும்.

• கூகுள் மேப்ஸைப் பார்த்து நிரப்பாதீர்கள். விக்கித்தரவு சிசி0 உரிமத்தில் இருக்கிறது, அந்தத் தரவு அப்படியில்லை.

பட்டியல் கிடைத்ததும் இரண்டு மூன்று ஊரையாவது இன்றே நிரப்பிவிடுங்கள். பெயரை அந்த ஊர்க்காரர்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள்.