நகல் இருக்கிறதா? மீட்டுப் பார்த்தீர்களா?

நான் கணினி ஆசிரியர் அல்லன். தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர். தட்டச்சு செய்யத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியால் எங்கள் பள்ளியின் அலுவலகக் கணினி பல ஆண்டுகளுக்கு முன்பே என் பொறுப்பில் வந்துவிட்டது. பல பள்ளிகளில் இப்படி ஒருவர் இருப்பார். இக்கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். கணினியை இயக்கினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து ‘டக், டக்’ என்று ஓசை வந்தது. டவுனில் கணினி பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போனேன். அவர் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார். பேக்கப் வச்சிருக்கீங்களா?”

“இருக்குங்க. எல்லாத்தையும் டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. “சி, டி ரெண்டும் ஒரே டிஸ்க்தான் சார். ஒரே பீரோவுல ரெண்டு தட்டு மாதிரி. இப்ப பீரோவே போயிடுச்சே.”

எமிஸ் தளத்தில் ஏற்றிய விவரங்கள் சர்வரில் இருந்ததால் தப்பின. வினாத்தாள்களையும் தீர்மான நகல்களையும் மீண்டும் தட்டச்சு செய்துகொள்ளலாம். மீண்டும் செய்ய முடியாத ஒன்றும் அதில் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் பாட்டிமார்களிடம் பாடச் சொல்லிப் பதிவு செய்த 41 தாலாட்டுகளும் நடவுப் பாடல்களும்தான் அவை. பாடிய பாட்டிகளில் இருவர் அதற்குள் காலமாகியிருந்தார்கள். பழுதான தட்டிலிருந்து தகவலை எடுத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மீறியது.

பணம் செலவழிக்காமல் இதைத் தவிர்த்திருக்க முடியும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தேவைப்படும் ஒரே செலவு, நகலை வைக்க ஒரு வெளிப்புற வன்தட்டு. மென்பொருள்கள் எல்லாமே இலவசம்.

இரண்டு வகை நகல்கள்

நகல் எடுப்பதில் இரண்டு வகை உண்டு. முதலாவது கோப்பு நகல். நாம் உருவாக்கிய ஆவணங்கள், படங்கள், ஒலிப்பதிவுகளை மட்டும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது. இரண்டாவது முழு வன்தட்டு நகல். இயங்குதளம், நிறுவிய மென்பொருள்கள், எழுத்துருக்கள், பிரிண்டர் அமைப்புகள், கோப்புகள் எல்லாவற்றையும் அப்படியே ஒரே ‘இமேஜ்’ ஆகச் சேமிப்பது.

கோப்பு நகல் மட்டும் இருந்தால் புதிய தட்டில் இயங்குதளத்தை நிறுவி, ஒவ்வொரு மென்பொருளாக ஏற்றி, கடைசியில் கோப்புகளைத் திரும்ப வைக்க வேண்டும். ஒரு முழு நாள் வேலை. முழு நகல் இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் பழைய கணினியே திரும்பக் கிடைக்கும். ஆனால் முழு நகலைத் தினமும் எடுக்க இயலாது. ஆகவே கோப்பு நகலை அடிக்கடியும், முழு நகலைப் பருவத்துக்கு ஒருமுறையும் எடுப்பது பள்ளிக்குப் பொருந்தும்.

கோப்பு நகலுக்கு

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் அதைக் காணலாம். வெளிப்புறத் தட்டை இணைத்து ‘டர்ன் ஆன்’ கொடுத்தால், தட்டு இணைந்திருக்கும் வரை மணிக்கொரு முறை, மாறிய கோப்புகளை மட்டும் அது நகலெடுக்கும். பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். நேற்றைய மதிப்பெண் பட்டியலை இன்று தவறாக மாற்றிச் சேமித்துவிட்டாலும் நேற்றைய வடிவத்தைத் திரும்பப் பெறலாம்.

இதில் ஒரு கவனம் தேவை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான இடங்களை மட்டுமே ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுத்துக்கொள்ளும். டி டிரைவில் நாமாக உருவாக்கிய கோப்புறைகளை அது கண்டுகொள்ளாது. அவற்றுக்கு ‘ஃப்ரீஃபைல்சிங்க்’ என்ற இலவச மென்பொருள் உதவும். இடப்பக்கம் மூலக் கோப்புறை, வலப்பக்கம் நகல் கோப்புறை எனக் காட்டி ‘அப்டேட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘மிரர்’ முறையைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. மூலத்தில் தவறி அழித்ததை அது நகலிலும் அழித்துவிடும்.

லினக்ஸ் பயன்படுத்தும் பள்ளிகளில் ‘தேஜா டுப்’ இதே வேலையைச் செய்யும். உபுண்டுவில் அது ‘பேக்கப்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். ‘டைம்ஷிஃப்ட்’ என்ற மென்பொருளும் உண்டு. ஆனால் அது இயல்பாக இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காக்கும், நம் ஆவணங்களைக் காக்காது.

கூகுள் டிரைவில் இருப்பதே போதாதா என்று கேட்கலாம். ஜிமெயில், புகைப்படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி இலவசம். உதவியானதுதான். ஆனால் கணினியோடு ஒத்திசைவில் இருக்கும் கோப்பை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்; குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். மாணவர்களின் ஆதார் எண், சாதிச் சான்று, தொலைபேசி எண் அடங்கிய கோப்புகளை நம் சொந்தக் கணக்கில் ஏற்றுவதும் முறையன்று.

முழு வன்தட்டு நகலுக்கு

விண்டோஸிலேயே ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பெயரில் ஒரு பழைய வசதி இருக்கிறது. அதில் ‘கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்’ என்பதைச் சொடுக்கினால் முழு நகல் கிடைக்கும். ஆனால் இதை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017இல் அறிவித்துவிட்டது. எனவே நான் இப்போது ‘ரெஸ்க்யூசில்லா’ பயன்படுத்துகிறேன். இது கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் நகலெடுக்கும். இதன் மூத்த உறவு ‘குளோனசில்லா’. தைவானில் உருவான அது மிகவும் திறன் வாய்ந்தது. ஆனால் அதன் எழுத்துத் திரைகள் புதியவரை மிரட்டும். ரெஸ்க்யூசில்லாவில் பட்டன்களை அழுத்தினால் போதும். குளோனசில்லா எடுத்த நகலையும் அது திறக்கும்.

செய்முறை இதுதான்:

1. ரெஸ்க்யூசில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளால் ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

2. விண்டோஸை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். நகல் எடுப்பது தடைப்படலாம்.

3. பென் டிரைவையும் வெளிப்புறத் தட்டையும் இணைத்துக் கணினியை இயக்குங்கள். உடனே எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை (தயாரிப்புக்கேற்ப மாறும்) அழுத்திப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்யுங்கள்.

4. ‘பேக்கப்’ அழுத்துங்கள். எந்தத் தட்டை நகலெடுக்க வேண்டும், எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்கும். தட்டுகளை அவற்றின் கொள்ளளவை வைத்து அடையாளம் காணுங்கள்.

5. முடிந்ததும் ‘வெரிஃபை’ அழுத்தி, நகல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? நிரம்பிய பகுதியை மட்டுமே இது நகலெடுக்கிறது. 500 ஜிபி தட்டில் 60 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால் அந்த 60 ஜிபிதான் கணக்கு. பழைய யுஎஸ்பி 2.0 துளையில் நொடிக்குச் சுமார் 30 எம்பி போகும் என்று வைத்தால், 60,000 எம்பிக்கு 2,000 நொடி, அதாவது 33 நிமிடம். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 துளையில் இன்னும் விரைவாக முடியும். விகித சமக் கணக்குக்கு இது வகுப்பறை எடுத்துக்காட்டாகவும் ஆகும்.

புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் ‘பிட்லாக்கர்’ பூட்டு இயங்கிக்கொண்டிருக்கும். அதன் மீட்புக் குறியீட்டை முதலில் தாளில் எழுதித் தலைமையாசிரியரின் பீரோவில் வைத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள். அது இல்லாமல் போனால் நம் கோப்பு நமக்கே திறக்காது.

மீட்டெடுத்தல்

புதிய வன்தட்டைப் பொருத்தியபின், அதே பென் டிரைவிலிருந்து தொடங்கி ‘ரீஸ்டோர்’ அழுத்தி, நகலையும் புதிய தட்டையும் காட்டினால் போதும். நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. புதிய தட்டு பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். மீட்கும்போது அந்தத் தட்டில் முன்பிருந்த அனைத்தும் அழியும். எனவே எந்தத் தட்டில் எழுதப்போகிறோம் என்பதை இரண்டு முறை படித்துவிட்டே ‘நெக்ஸ்ட்’ அழுத்துங்கள்.

ஒத்திகை கற்றுத் தந்தது

ஜூன் மாத இழப்புக்குப் பின், வெளிப்புறத் தட்டு ஒன்று வாங்கி விண்டோஸின் பழைய வசதியால் முழு நகல் எடுத்தேன். நிம்மதியாக இருந்தேன். அடுத்த ஆண்டு மற்றொரு கணினி நின்றபோது தட்டை எடுத்துக்கொண்டு கம்பீரமாகப் போனேன். கணினி தொடங்கவேயில்லை. மீட்புக்கான பென் டிரைவை நான் உருவாக்கியிருக்கவில்லை. வேறொரு கணினியில் அதை உருவாக்கி வந்தால், “நகல் எதுவும் இல்லை” என்றது. நகல் கண்ணெதிரே இருக்கிறது! அரை நாள் போராடியபின் காரணம் தெரிந்தது. தட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்த நகல் கோப்புறையை ‘பழைய கணினி’ என்ற மற்றொரு கோப்புறைக்குள் நகர்த்தி வைத்திருந்தேன். தட்டின் முதல் அடுக்கில் இருந்தால்தான் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளும். வெளியே எடுத்து வைத்ததும் எல்லாம் திரும்ப வந்தது.

அன்று புரிந்தது: மீட்டுப் பார்க்காத நகல், நகல் என்ற நம்பிக்கை மட்டுமே. தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறோம் அல்லவா? அதுபோல இதற்கும் ஒத்திகை வேண்டும். கோப்பு நகலிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். ஒலிப்பதிவு என்றால் கேட்டுப் பாருங்கள். முழு நகலை, பயன்படாமல் கிடக்கும் பழைய வன்தட்டு ஒன்றில் மீட்டு, கணினி இயங்குகிறதா என்று பாருங்கள்.

நகலே இல்லாமல் அழிந்துவிட்டால்

தட்டு நன்றாக இருந்து, கோப்புகள் மட்டும் அழிந்திருந்தால் உடனே அந்தக் கணினியில் வேலை செய்வதை நிறுத்துங்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதன் மேல் எழுதப்படலாம். ‘டெஸ்ட்டிஸ்க்’, அதனுடன் வரும் ‘ஃபோட்டோரெக்’ ஆகிய இலவச மென்பொருள்கள் பல நேரங்களில் மீட்டுத் தரும். மீட்டவற்றை வேறு தட்டில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் பழைய கோப்புப் பெயர்களைத் தராது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் மீட்கும் வாய்ப்பு குறைவு. தட்டு ‘டக், டக்’ என்று ஓசை எழுப்பினால் எந்த மென்பொருளும் வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

பள்ளிக்கு ஒரு நடைமுறை

உலகெங்கும் பின்பற்றப்படும் 3-2-1 என்ற விதி உண்டு. ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் 3 படிகள்; அவை 2 வகைச் சாதனங்களில்; அவற்றில் 1 வேறு கட்டடத்தில். எங்கள் பள்ளியில் இதை இப்படிக் கடைப்பிடிக்கிறோம்.

வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை கோப்பு நகல். எடுத்து முடித்ததும் தட்டைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவோம். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய ‘வன்னாக்ரை’ போன்ற பிணைப்பணத் தீநிரல்கள், இணைத்தே வைத்திருக்கும் தட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒவ்வொரு பருவ இறுதியிலும் முழு நகல். ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை. திரும்பப் பெற முடியாதவற்றை மட்டும் தனிப் பென் டிரைவில் இட்டு, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அருகிலுள்ள தொடக்கப்பள்ளியின் பீரோவில் வைக்கிறோம். நகல் எடுத்த நாள், எடுத்தவர், சோதித்த நாள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறோம். நான் மாறுதலாகிச் சென்றாலும் அடுத்தவருக்கு அந்த நோட்டு வழிகாட்டும். ஒப்பந்தப் பராமரிப்பில் உள்ள ஆய்வகக் கணினிகளை மட்டும் உரிய அனுமதியின்றித் தொடுவதில்லை.

அந்த 41 பாடல்களில் 6 மட்டும் பின்னர் கிடைத்தன. ஒரு மாணவியின் அப்பாவுடைய பழைய செல்பேசியில் அவை அழியாமல் இருந்தன. அதில் ஒன்று, மறைந்த பாட்டி ஒருவர் பாடிய தாலாட்டு. யாரும் திட்டமிடாமல் அமைந்துவிட்ட ஒரு காப்பு நகல் அது. இப்போது அந்த 6 பாடல்களும் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒத்திகை நாளில் பீரோவிலிருந்து தட்டை எடுத்து, முதலில் அந்தத் தாலாட்டைத்தான் ஒலிக்கச் செய்கிறோம். அது கேட்டால் நகல் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இந்த வெள்ளிக்கிழமை உங்கள் பள்ளிக் கணினியின் முன் ஐந்து நிமிடம் அமர்ந்து, இதில் மீண்டும் உருவாக்கவே முடியாதவை எவை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். நகல் எடுப்பதை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.