சட்டக் கல்லூரியும் இஸ்திகாராவும்

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு மூன்று சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் மகிழ்ச்சியோடு குழப்பமும் வந்து சேர்கிறது. உடனே ஒரு ஹள்ரத்திடம் போய், “இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறோம். கனவில் பச்சை தெரிந்ததா, சிவப்பு தெரிந்ததா என்று காத்திருக்கிறோம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரி ஹதீஸில் கனவுப் பேச்சே இல்லை. பர்ளு அல்லாத 2 ரக்அத் தொழுது, துஆ ஓதித் தன் தேவையைக் கூறுமாறே அதில் வந்துள்ளது. தேவையுடையவரே தொழுவது. அவ்வளவுதான்.

அதற்கு முன் மஷ்வரா வேண்டுமென்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். யாரிடம்? வளைகுடாவிலிருக்கும் மாமாவிடமல்ல; நீதிமன்றம் போய்வரும் வக்கீலிடம். இந்திய பார் கவுன்சில் அங்கீகாரமில்லாத கல்லூரியில் படித்தவர் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. இதை அறிய இஸ்திகாரா எதற்கு? விசாரித்தாலே போதும். வட்டிக் கடன் வாங்கித்தான் சேர முடியும் என்ற இடத்துக்கும் அது தேவையில்லை. ஹராமான வழிக்கு இஸ்திகாரா கிடையாது. ‘பெயர் பெற்ற கல்லூரியாயிற்றே’ என்று நம் மனம் வழுக்குவது இங்கேதான்.

இன்னொன்று. அந்த துஆ ‘இதுவா, அதுவா’ என்று கேட்பதல்ல. ஒரே காரியத்தைச் சொல்லி, நலமானால் எளிதாக்கவும் தீமையானால் திருப்பிவிடவும் வேண்டுவது. ஆகவே மஷ்வராவில் மேலாகத் தெரிந்த கல்லூரியையே நினைத்துத் தொழ வேண்டும். சுபுஹு, அஸர் பர்ளுகளுக்குப் பின் வேண்டாம். இஷாவுக்குப் பின் தொழலாம். பிறகு பணம் கட்ட முனையலாம். விடுதியில் இடமில்லையென்று கதவு அடைபட்டால், வருந்தாமல் அடுத்த கல்லூரியை நினைத்து மறுபடியும் 2 ரக்அத்.